ஜல்லி மலையில் ஓர் அபூர்வக் கல்

தென்மேற்கு இங்கிலாந்தில் ஸாமர்ஸெட் என்றொரு ஜில்லா இருக்கிறது. அதன் வடபாகத்தில் கிழக்கு மேற்காக ஓடும் சிறு மலைத்தொடருக்கு மெண்டிப் குன்றுகள் என்று பெயர். 'மலைத்தொடர்' என்பதுகூட உபசார வார்த்தைதான். எல்லாவற்றிலும் உயர்ந்த சிகரமே கடல் மட்டத்துக்கு மேல் 1,066 அடி. சேர்வராயன் மலையில் ஏறி இறங்கியவர்களுக்கு இது ஒரு மேடாகத்தான் தோன்றும். ஆனாலும் பிரயாணிகள் திரள் திரளாக இங்கே வருகிறார்கள். செடார் என்ற பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைச் சுவர்களைக் காணச் சிலர் வருவார்கள். வுக்கி ஹோல் குகையைக் காணச் சிலர். வெல்ஸ் நகரத்து மாதாகோயிலின் சிற்பங்களைக் காணச் சிலர். நாம் போனது இவை எதற்காகவும் அல்ல. மெண்டிப்பின் கிழக்கு ஓரத்தில், வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு வரிகூட எழுதாத ஒரு கல் குவாரியைப் பார்க்கப் போனோம். அதற்கு மியர்ஹெட் குவாரி என்று பெயர். டார் வொர்க்ஸ் என்றும் அழைக்கிறார்கள்.

லண்டனில் பாடிங்டன் ஸ்டேஷனில் ரெயில் ஏறி மேற்கே சென்றால், வெஸ்ட்பரி என்ற ஜங்ஷனிலேயே குவாரியின் முன்னறிவிப்பு கிடைத்துவிடுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டி பெட்டியாக வெளிர் சாம்பல் நிற ஜல்லியை ஏற்றிக்கொண்டு, முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி ஒன்று நிற்கிறது. லண்டன் நகரத்து ரஸ்தாக்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய கல்லில் கணிசமான பகுதி இப்படித்தான் மெண்டிப்பிலிருந்து போகிறது. இந்தக் குவாரிக்காரர்கள் 1986-இல் அமெரிக்காவிலிருந்து சொந்தமாகவே ரெயில் எஞ்சின்களை வரவழைத்தார்கள். பிரிட்டிஷ் ரெயில்வேயின் பிரதான மார்க்கத்தில் ஒரு தனியார் கம்பெனியின் டீஸல் எஞ்சின்கள் ஓடியது அதுவே முதல் தடவை. 1991-இல் சோதனைக்காக ஒரே வண்டித்தொடரில் சுமார் 12,000 டன் கல்லை இழுத்துப் பார்த்தார்களாம். மலையையே பெயர்த்து ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

குவாரிக்குப் பக்கத்துக் கிராமம் கிரான்மோர். யானைச் சித்திரங்களுக்குப் பெயர்போன ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் பழைய நீராவி எஞ்சின்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறு ரெயில்வேயை நிறுவியது இந்தக் கிராமத்தில்தான். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதோடு திருப்தியடைந்து திரும்பிவிடலாம். முன்கூட்டி அனுமதி பெற்ற தாதுக்கல் அன்பர் கோஷ்டி ஒன்றுடன் சேர்ந்துகொண்டபடியால் நமக்குக் குவாரிக்குள் நுழைய முடிந்தது. தலைக்கவசமும், இரும்பு முனை வைத்த பூட்ஸும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டையும் அணிந்த பிறகே உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனதும் முதலில் மனத்தைக் கவர்வது அந்தப் பள்ளத்தின் அளவுதான். படிப்படியாக வெட்டப்பட்ட சாம்பல் நிறச் சுவர்கள். ஒவ்வொரு படியும் பல ஆள் உயரம். கீழே ஊர்ந்து செல்லும் லாரிகள் தீப்பெட்டிகள்போல் தெரிகின்றன. கிட்டே வந்து நின்றாலோ, அவற்றின் சக்கரமே நம்மைவிட உயரம்! பாறையில் துளையிட்டு, மருந்து கிட்டித்து, வெடி வைக்கிறார்கள். சரிந்து விழும் பாறை அரைக்கும் யந்திரத்துக்குப் போகிறது. அதிலிருந்து வெளிவரும்போது அது ஜல்லி.

இந்தச் சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய 33 கோடி வருஷங்களுக்கு முற்பட்டது. அப்போது இந்தப் பூமி பூமத்திய ரேகைக்கு அருகே, ஆழமில்லாத வெப்பக் கடலுக்கு அடியில் கிடந்தது. கடல் பிராணிகளின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகிப் பாறையாயின. உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிறு வளையங்களை அடுக்கியதுபோல் கடல் அல்லியின் தண்டுகள் தெரியும். பிற்பாடு பூமி அசைந்து மடிந்து, இந்தப் பாறை மலையாக எழுந்தது. மழையிலும் காற்றிலும் தேய்ந்தது. சுமார் 17 கோடி வருஷங்களுக்கு முன் மறுபடியும் கடலில் மூழ்கியது. அந்த இரண்டாவது கடல் படிய வைத்த மஞ்சள் நிறப் பாறை, குவாரியின் விளிம்பில் சாய்ந்த சாம்பல் அடுக்குகளின்மேல் சமமாகப் படுத்திருக்கிறது. இவ்விரண்டு பாறைகளுக்கும் நடுவே சுமார் 16 கோடி வருஷக் கணக்கு காணாமல் போயிருக்கிறது. இங்கிருந்து சில மைல் தூரத்தில் வாலிஸ் வேல் என்ற இடத்திலும் இதே காட்சி உண்டு. டி லா பெஷ் என்ற பூகர்ப்ப சாஸ்திரி அதை 1846-இல் எழுதிப் பிரசித்தமாக்கினார். இந்த இரண்டாவது கடலை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் தேடி வந்த கல்லின் பிறப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் ஈயம். இங்கே ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் இப்போது பேசுவது காரீயத்தைப் பற்றி. இரண்டும் வேறு வேறு உலோகங்கள், காரீயம் விஷம். மெண்டிப் குன்றுகள் காரீயத்துக்குப் பெயர்போனவை. ரோமானியர் பிரிட்டன்மீது படையெடுத்தது கி.பி. 43-இல். கி.பி. 49-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த ஈயப் பாளம் இந்தக் குன்றுகளில் கிடைத்திருக்கிறது. அதாவது, நாட்டைப் பிடித்து ஆறு வருஷத்துக்குள் சுரங்கத்தைத் தோண்டி, உருக்கி, முத்திரை வைத்து ஏற்றுமதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்! அந்நிய நாட்டைப் பிடிப்பவர்கள் எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி வேண்டியதில்லை. பாத் நகரத்தில் ரோமானியர் கட்டிய பெரிய ஸ்நான கட்டத்தின் அடித்தளத்தில் பரப்பிய ஈயத் தகடுகள் இன்றும் இருக்கின்றன. அவையும் மெண்டிப் ஈயமே என்று கருதப்படுகிறது. சார்ட்டர்ஹவுஸ், பிரிடி முதலிய இடங்களில் நிலம் முழுவதும் குழியும் மேடுமாக இருக்கும். அதற்கு அவ்வூர் ஜனங்கள் 'கிரஃபி நிலம்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கடைசி உலை அணைந்தது 1908-இல்.

இந்த ஈயம் பூமியில் கந்தகத்தோடு சேர்ந்து, கலீனா என்ற பளபளப்பான கருநீலக் கல்லாகக் கிடைப்பது. மெண்டிப்பின் விசேஷம் அதோடு நிற்கவில்லை. 1823-இல் ஸ்வீடன் தேசத்து ரஸாயன நிபுணர் பெர்ஸீலியஸ், இங்கே சர்ச்சில் என்ற ஊரில் கிடைத்த ஒரு வெள்ளைக் கல்லைப் பரிசோதித்தார். அதில் ஈயம் பிராணவாயுவோடும் குளோரினோடும் கூடியிருந்தது. பிற்பாடு 1839-இல் அதற்கு மெண்டிபைட் என்று நாமகரணம் ஆயிற்று. 1923-இல் ஸ்பென்ஸர், மௌண்டன் என்ற இருவர், பிரிடியை அடுத்த ஹையர் பிட்ஸ் என்ற இடத்திலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த மேலும் இரண்டு புதிய தாதுக்களை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று ஆகாய நீலம், மற்றொன்று பாசிப் பச்சை. அதன் பிறகு மியர்ஹெட் குவாரி ஆழமாக ஆக, இந்தக் குடும்பம் பெருகிக்கொண்டே போயிற்று.

நம்மோடு வந்த கோஷ்டியில் வயதான அன்பர் ஒருவர் இருந்தார். நாற்பது வருஷங்களாக இந்தக் குவாரிக்கு வந்து போகிறவராம். பாறைச் சுவரில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். சாம்பல் நிறத்தின் நடுவே கரி பூசினாற்போல் ஒரு கறுப்புப் பட்டை சாய்வாக ஓடிற்று. "அந்தக் கறுப்பைத்தான் தேட வேண்டும். கறுப்பு இல்லாத இடத்தில் ஒன்றும் கிடையாது" என்றார். அந்தக் கறுப்பு மாங்கனீஸ்.

அது எப்படி அங்கே வந்தது என்பதை விஞ்ஞானிகள் விளக்கும் விதம் ரஸமானது. மலை முதன்முதலில் மடிந்து வெடித்த பிறகு, அதன் பிளவுகளில் கலீனா படிந்தது. பின்னர் இரண்டாவது கடல் வந்து மலையை மூடியபோது, கடல்நீர் அந்தப் பிளவுகளில் இறங்கியது. இரும்பும் மாங்கனீஸும் கறுப்பு மண்ணாக அவற்றில் படிந்தன. மாங்கனீஸ் மண்ணுக்கு ஒரு சுபாவம் உண்டு. தண்ணீரில் கரைந்து வரும் மற்ற உலோகங்களை அது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கடல்நீர் பட்டு கலீனா சிதைந்தது. அதிலிருந்து விடுபட்ட ஈயத்தை மாங்கனீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. வெகுகாலம் கழித்து, பூமிக்கு அடியிலிருந்து சூடான நீர் ஏறி வந்தது. அப்போது அந்தக் கறுப்புக் கட்டிகளுக்குள்ளேயே ஈயம் வெளிப்பட்டு, குளோரினோடும் பிராணவாயுவோடும் கூடி, வெள்ளையும் மஞ்சளுமான தாதுக்களாக உறைந்தது. சிற்சில விவரங்களில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் இருந்தாலும், கதையின் போக்கு இதுதான்.

இதில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி வரும் தண்ணீரில் கரியமிலவாயுவின் சத்து நிறைய இருக்கும். ஈயம் அந்தச் சத்தோடு சேர்ந்து ஸெருஸைட் என்ற ஸாதாரணமான ஈயக் கார்பனேட்டாக மாறிவிடுவதே இயல்பு. அப்படி மாறாமல் இந்த அபூர்வங்கள் தப்பியிருப்பது கறுப்பு உறைக்குள் அகப்பட்டுக்கொண்டதனால்தான். வெட்டுண்ட கட்டி ஒன்றைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வெளியே மாங்கனீஸ், அதற்குள் ஓரமாக ஸெருஸைட்டும் கால்ஸைட்டும், அதாவது மாறிப்போன பகுதி, நடுமையத்தில் மாறாத மெண்டிபைட். அதற்கும் பக்கத்தில், அதிருஷ்டம் இருந்தால், நாம் தேடி வந்த கல்.

குவாரியின் பெயராலேயே அதற்கு மியர்ஹெடைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். வெளிர் மஞ்சளிலிருந்து செம்மை கலந்த ஆரஞ்சு வரையில் அதற்கு நிறம் உண்டு. கண்ணாடிக்கும் குங்கிலியத்துக்கும் இடைப்பட்ட ஒரு மினுமினுப்பு. விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும். பெரும்பாலும் உருவமற்ற திரளாகவே கிடைக்கும். ஒரு திசையில் மட்டும் சீராகப் பிளக்கும். நகத்தால் கீற முடியாது, பேனாக்கத்தி கீறும். சுண்ணாம்புக் கல் தண்ணீரைப்போல் 2.7 மடங்குதான் கனம். இதுவோ சுமார் 7 மடங்கு. வயதான அன்பர் தம் பெட்டியைத் திறந்து பழைய துண்டு ஒன்றை நம் உள்ளங்கையில் வைத்தபோது, புளியங்கொட்டை அளவுள்ள அந்த மஞ்சள் கல் அளவுக்கு மீறிக் கனத்தது.

அந்தக் கனம் முழுவதும் ஈயத்தின் கனம். நூறு பங்கில் சுமார் 85 பங்கு அதுதான். ஆனால் இந்தக் கல்லின் ரகசியம் கனத்தில் இல்லை. போரான் என்ற மிக லேசான மூலப்பொருளில் இருக்கிறது. போரானை நம் நாட்டில் அறியாதவர் இல்லை, பெயர்தான் வேறு. பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது தூவும் வெங்காரம் போரானின் உப்பு. மியர்ஹெடைட்டில் 47 ஈய அணுக்களுக்கு 2 போரான் அணுக்கள் என்று கணக்கு. எடையாகப் பார்த்தால், ஆயிரம் பங்கில் இரண்டு பங்குகூட நிறையவில்லை.

இவ்வளவு சொற்பமான பொருள் கண்ணுக்கு எப்படிப் படும்? 1998-இல் வெல்ஷ், கிரிடில், ஸைம்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கல்லைப் புதிய தாது என்று உலகத்துக்கு அறிவித்தபோது, அவர்கள் கொடுத்த ரஸாயன சூத்திரத்தில் ஈயமும் பிராணவாயுவும் ஹைட்ராக்ஸிலும் குளோரினும் மட்டுமே இருந்தன. படிகத்துக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ் கிரணங்களைப் பாய்ச்சித்தான் அறிகிறார்கள். அக்கிரணங்களைச் சிதற அடிப்பவை அணுவில் உள்ள எலெக்ட்ரான்கள். ஈய அணுவில் 82 எலெக்ட்ரான்; போரான் அணுவில் வெறும் 5. தவில் முழங்கும் கல்யாணக் கூடத்தில் சுவர்க்கோழியின் சத்தத்தைக் கேட்டு எழுதுவது போன்ற வேலை.

பதினொரு வருஷங்கள் கழித்து, 2009-இல், ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானி கிரிவோவிசெவும், அவருடன் சேர்ந்து உழைத்த ரஷ்ய, ஆங்கில அறிஞர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அவர்கள் கண்ட அமைப்பைச் சொல்ல நமக்கு நாட்டு மருந்துக் கடை உதவி செய்கிறது. மிருதாரசிங்கி என்று அங்கே விற்கும் மஞ்சள் சரக்கு ஈயமும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். அதில் இவ்விரு அணுக்களும் பாய் பின்னினாற்போல் தகடு தகடாக அடுக்கியிருக்கும். மியர்ஹெடைட்டிலும் அத்தகைய பாய்கள் உண்டு. ஒரு பாய், ஒரு குளோரின் படுக்கை, மறுபடி ஒரு பாய் என்று மாறி மாறி வரும். ஆனால் பாய் முழுமையானது அல்ல. அங்கங்கே ஈயமும் பிராணவாயுவும் உதிர்ந்து, சதுரமான ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஓட்டையிலும் முக்கோணமான ஒரு சிறு பொருள் ஒட்டுப்போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. சில முக்கோணங்கள் கார்பனேட். மற்றவை போரேட், அதாவது மூன்று பிராணவாயு அணுக்களின் நடுவே ஒரு போரான். எனவே பழைய சூத்திரம் போய், புதிய சூத்திரம் வந்தது. அதை இங்கே அச்சிட்டால் அச்சுக்கோப்பவர் நம்மைச் சபிப்பார்.

போரான் வந்த வழி? கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் நாலரை மில்லிகிராம் வீதம் போரான் இருக்கிறது, குளோரினோ ஏராளம். மலையின் பிளவுகளில் அந்த இரண்டாவது கடல் இறங்கியதை நினைத்துப் பார்த்தால், ஒரு கல்லின் ஓட்டையில் ஒட்டுப்போடும் அளவுக்குப் போரான் கிடைத்ததில் வியப்பில்லை.

கதையில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. 1998-இல் மியர்ஹெடைட்டுக்குக் கொடுத்து, பின்னர் 2009-இல் கைவிட்ட அந்தப் பழைய சூத்திரம் வீணாகப் போகவில்லை. அதே குவாரியில் அதே சூத்திரத்துக்குச் சரியாகப் பொருந்தும் வேறொரு தாது, வெள்ளை வெள்ளையாக நார்போல், அகப்பட்டது. 2015-இல் அதை விவரித்து எழுதினார்கள். குவாரியை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆஞ்சலா யோமன் அம்மையாரின் பெயரால் அதற்கு யோமனைட் என்று பெயர். பார்க்கின்ஸனைட், ஸைம்ஸைட், ரம்ஸேயைட் என்று இன்னும் சில புதிய தாதுக்களும் இதே பள்ளத்திலிருந்து வந்திருக்கின்றன.

குவாரி இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றையும் மனிதன் பார்த்திருக்க மாட்டான். மண்ணுக்கடியில் மூடுண்டு கிடந்திருக்கும். ஆனால் குவாரி தோண்டுவது ஜல்லிக்காக. கறுப்புப் பட்டைகள் அதற்கு வெறும் அழுக்கு. வெடி வைத்த மறுநாள் யாராவது வந்து பார்த்தால் உண்டு. வராவிட்டால் மாங்கனீஸும் மெண்டிபைட்டும் மியர்ஹெடைட்டும் எல்லாம் லாரியில் ஏறிவிடும். "நீங்கள் கண்டெடுத்தது எவ்வளவு, போனது எவ்வளவு?" என்று அந்த அன்பரைக் கேட்டோம். அவர் அரைக்கும் யந்திரத்தின் பக்கம் பார்த்து, "போனதற்குக் கணக்கு ஏது? லண்டனில் நீங்கள் நடந்து வந்த ரஸ்தாவிலேயே இருக்கும்" என்றார். அவருக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. குவாரிக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதே பெரிது என்று நினைப்பவர். நமக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கோடிக்கணக்கான வருஷம் கறுப்பு உறைக்குள் பத்திரமாக இருந்த பொருள், ஒரு நாள் கண்ணில் படாமல் போனால் தார் ரோட்டுக்கு அடியில் போய்விடுகிறது!

அன்று பகல் முழுவதும் குனிந்து நடந்ததில் நமக்குக் கிடைத்தது கைப்பிடி அளவு கறுப்புக் கட்டி ஒன்று. அதன் நடுவே வெண்ணெய் நிறத்தில் மெண்டிபைட் கீற்று ஓடியது. மஞ்சள் அகப்படவில்லை.

பார்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். குவாரியில் இன்றும் வேலை நடப்பதால் முன் அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மியர்ஹெடைட்டின் மூல மாதிரி லண்டனில் தென் கென்ஸிங்டனில் உள்ள இயற்கைப் பொருட்காட்சி சாலையின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தச் சாலையின் தாதுக் கூடத்தில் உலகத்துக் கற்களையெல்லாம் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சார்ட்டர்ஹவுஸின் பழைய ஈயக் குழிகளினூடே நடந்து செல்லப் பாதைகள் உண்டு; மழைக்காலமானால் வழுக்கும். எங்கே ஈயக் கல்லைத் தொட்டாலும், சாப்பிடுவதற்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்பவர்கள் இதில் கொஞ்சமும் அஜாக்கிரதையாக இருக்கலாகாது.